கிறிஸ்தவக் கல்லூரிகளில் உளவியலும் குடும்பவியலும் (அமெரிக்கா)

மனித நடத்தையையும் குடும்ப உறவுகளையும் வேதாகம நம்பிக்கையோடு இணைத்துக் கற்பிக்கும் துறை. 1960களில் தென் கலிபோர்னியாவில் உருப்பெறத் தொடங்கியது.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சுவிசேஷ சபையினர் உளவியலை நம்பவில்லை. சமயத்தை மாயை என்று 1927இல் நூல் எழுதிய ஃபிராய்டின் துறையாகவே அதைக் கண்டனர். இந்த விலக்கத்தைத் தளர்த்தியதில் கல்லூரிகளை முந்திக்கொண்டது வானொலி. பள்ளி உளவியலாளரான கிளைட் நாராமோர் 1954இல் தொடங்கிய நிகழ்ச்சி, பிள்ளை வளர்ப்பையும் தம்பதியர் பிணக்கையும் விசுவாசிகளின் வீட்டுக்கூடத்திலேயே பேசுபொருளாக்கியது. 1956இல் கிறிஸ்தவ உளவியலாளர்களுக்கெனச் சங்கம் தோன்றியது.

பாசடீனாவிலுள்ள ஃபுல்லர் இறையியல் கல்லூரி 1965இல் உளவியல் பள்ளியைத் திறந்தது. முதல் தலைவர் லீ எட்வர்ட் டிராவிஸ், திக்குவாய்க்குக் காரணம் தேடி மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்த முன்னோடி. அறிவியல் உலகம் மதித்த ஒருவரை அமர்த்தியது கல்லூரியின் தொலைநோக்கு. மாணவர்கள் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்தோடு இறையியலிலும் முதுகலைப் பட்டம் பெற வேண்டியிருந்தது. கிளைட்டும் அவர் உறவினர் புரூஸ் நாராமோரும் நிறுவிய ரோஸ்மீட் உளவியல் பள்ளி 1970இல் வகுப்புகளைத் தொடங்கியது. 1973இல் உளவியலுக்கும் இறையியலுக்கும் பொதுவான ஆய்விதழை வெளியிட்டது. 1977இல் பயோலா என்னும் கிறிஸ்தவக் கல்லூரியோடு இணைந்தது.

எதிர்ப்பும் இருந்தது. உடல்நோயால் வராத மனத்துயர்களுக்குப் பெரும்பாலும் பாவமே வேர், வேதாகமமே போதிய மருந்து என்று 1970இல் போதகர் ஜே ஆடம்ஸ் வாதிட்டார். சிறுவயதில் பிறர் கொடுமைக்கு ஆளானவர்களின் துயரை இவ்வாதம் விளக்கவில்லை. எதிர்ப்பை மீறி, உளவியலையும் வேதாகமத்தையும் இணைத்துக் கற்பிக்கும் வழி நிலைத்தது.

குடும்பவியலில் குறிப்பிடத்தக்கது, ஃபுல்லரில் கற்பித்த ஜாக், ஜூடித் பால்ஸ்விக் தம்பதியரின் 1989ஆம் ஆண்டு நூல். உடன்படிக்கை, கிருபை, வலுவூட்டல், நெருக்கம் என்னும் நான்கின்மேல் அது குடும்பத்தை நிறுத்துகிறது. கைக்குழந்தைக்குப் பெற்றோர் தரும் அன்பு எதையும் எதிர்பாராத ஒருவழி உடன்படிக்கை. பிள்ளை வளர வளர அது இருவழியாக முதிர வேண்டும். பெற்றோரின் அதிகாரம் பிள்ளையை அடக்குவதற்கன்று, தன் காலில் நிற்கச் செய்வதற்கே என்பது இந்நூலின் சிறந்த பகுதி.

இன்று பல கிறிஸ்தவக் கல்லூரிகளில் இப்பாடங்கள் உள்ளன. எங்கு படித்தாலும், உளவியலாளர் என்ற பெயரில் தொழில் செய்ய மாநில அரசின் உரிமம் பெற்றாக வேண்டும்.