துரியன் பழம் பலாவுக்குச் சொந்தமா, வெண்டைக்காய்க்குச் சொந்தமா? தாவரவியல் சொல்லும் குடும்பக் கதை

குற்றாலம் சீசன் கடைகளில் ரம்புட்டான், மங்குஸ்தான் குவியலுக்குப் பக்கத்தில் முள் முள்ளாக ஒரு பழம் இருக்கும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். கிட்டப் போனால் மூக்கைப் பொத்தத் தோன்றும். அதுதான் துரியன். முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "இது பலா வகையா?"

இல்லவே இல்லை. பலாவுக்கும் துரியனுக்கும் நெருங்கிய சொந்தம் கிடையாது. வெண்டைக்காய், பருத்தி, செம்பருத்தி எல்லாம்தான் துரியனின் குடும்பம். இன்னும் நெருங்கிய உறவு ஒன்று நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே நிற்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

சுருக்கமாக:

• துரியனின் தாவரவியல் பெயர் துரியோ சிபெதினஸ். குடும்பம் மால்வேசி.
• பலா மொரேசி குடும்பம். ஆல், அரசு, அத்திதான் பலாவின் சொந்தங்கள்.
• துரியனை முன்பு இலவ மரத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். டிஎன்ஏ ஆய்வுகளுக்குப் பிறகு இடம் மாறியது.
• துரியனின் நெருங்கிய உறவான வெடிப்பலா மரம் தமிழ்நாடு, கேரள மலைக்காடுகளில் இருக்கிறது.

முள் இருக்கிறதே, அப்புறம் ஏன் பலா இல்லை?

வெளியே முள், உள்ளே மஞ்சள் சுளை, மரத்தில் தொங்கும் பெரிய பழம். பார்க்கிறதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பழம் உருவாகும் விதமே வேறு.

பலாப்பழம் என்பது ஒரு பழம் அல்ல. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பூக்கள் ஒரே தண்டில் நெருங்கி இருந்து, எல்லாம் சேர்ந்து ஒன்றாகப் பருத்துத்தான் பலாப்பழம் ஆகிறது. இதைக் கூட்டுக்கனி என்பார்கள். நாம் சாப்பிடும் ஒவ்வொரு சுளையும் ஒவ்வொரு பூவிலிருந்து வந்தது. வெளியே இருக்கும் முள்ளும் அந்தந்தப் பூவின் நுனிதான்.

துரியன் அப்படி இல்லை. முழுப் பழமும் ஒரே ஒரு பூவிலிருந்து வருகிறது. அந்தப் பூவின் சூலகச் சுவரில் வளர்வதுதான் முள்.

இன்னொரு சுலபமான அடையாளம், பால். பலாவை வெட்டினால் கையெல்லாம் பிசின் ஒட்டும், எண்ணெய் தடவாமல் வேலை நடக்காது. துரியனை வெட்டினால் அந்தப் பால் வராது.

முள் சீத்தாவையும் சிலர் துரியனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது சீத்தாப்பழக் குடும்பம். அதுவும் துரியனுக்கு உறவு இல்லை.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் நட்சத்திரம் மாதிரி பெரும்பாலும் ஐந்து அறைகள் தெரியும். ஒவ்வொரு அறையிலும் விதை வரிசை. செடியிலேயே முற்றிக் காய்ந்த வெண்டைக்காய் அதன் விளிம்புக் கோடுகளில் வெடித்துத் திறக்கும். பருத்திக்காய் வெடித்துப் பஞ்சு வெளியே வருவதும் இதே வழியில்தான்.

துரியனும் அப்படியே. உள்ளே வழக்கமாக ஐந்து அறைகள். பழுத்ததும் ஓட்டின் மேல் மெல்லிய கோடுகளில் பிளக்கும். துரியன் வெட்டத் தெரிந்த வியாபாரி கத்தியை எங்கேயோ குத்துவதில்லை, அந்தக் கோட்டைத் தேடித்தான் நெம்புவார்.

அப்போ துரியனில் நாம் சாப்பிடுவது என்ன? விதையைச் சுற்றி வளரும் சதை. தாவரவியலில் இதற்கு ஏரில் என்று பெயர். பருத்தியில் விதை மேல் வளரும் இழை பஞ்சாகிறது. துரியனில் விதையைச் சுற்றி வளரும் சதை தின்பண்டமாகிறது.

மால்வேசி குடும்பத்துக்கு வேறு சில பொது அடையாளங்களும் உண்டு.

• வழவழப்பு: வெண்டைக்காயின் கொழகொழப்பு, தலைக்குத் தேய்க்கும் செம்பருத்தி இலையின் வழவழப்பு எல்லாம் ஒரே வகைப் பசைப்பொருள்.
• நார்: பட்டையில் உறுதியான நார் இருக்கும். சணல் இந்தக் குடும்பம்தான். புளிச்சைச் செடியிலிருந்தும் நார் எடுக்கிறார்கள்.
• நுண்மயிர்: இலையிலும் தண்டிலும் நட்சத்திர வடிவ நுண்மயிர்கள் அல்லது செதில்கள் இருக்கும். துரியன் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் பொன்னிறமாக மின்னுவது இந்தச் செதில்களால்தான்.

குடும்பத்தில் யார் யார்?

இன்றைய மால்வேசி ரொம்பப் பெரிய குடும்பம். 4,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் இருக்கின்றன. அவற்றைத் துணைக்குடும்பங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த முகங்களை மட்டும் பார்த்தால்:

• மால்வாய்டியே: பருத்தி, வெண்டை, செம்பருத்தி, பூவரசு, துத்தி, புளிச்சக்கீரை
• பாம்பகாய்டியே: இலவம் பஞ்சு மரம், முள்ளிலவு, ஆப்பிரிக்காவின் பாவோபாப்
• பிட்னீரியாய்டியே: சாக்லேட் தரும் கோகோ
• க்ரூவியாய்டியே: சணல்
• ஸ்டெர்குலியாய்டியே: கோலா கொட்டை மரம், நம்ம ஊர்ப் பீநாறி மரம்
• ஹெலிக்டெராய்டியே: துரியன், வலம்புரிக்காய்

கடைசி வரியைக் கவனியுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கயிறு முறுக்கின மாதிரி ஒரு காய் கொடுப்பார்களே, அந்த வலம்புரிக்காயும் துரியனும் ஒரே துணைக்குடும்பம். அந்த முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் அதிலும் ஐந்து பிரிவுகள் இருக்கும்.

நாற்றத்துக்காகப் பெயர் வாங்கியது துரியன் மட்டும் இல்லை. பீநாறி மரத்தின் ஸ்டெர்குலியா என்ற பெயர் சாணத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. துரியனின் சிபெதினஸ் என்ற பெயர் புனுகுப்பூனையைக் குறிப்பது. துரியன் என்ற சொல்லோ மலாய் மொழியில் முள்ளைக் குறிக்கும் துரி என்பதிலிருந்து பிறந்தது.

இலவ மரத்தோடு இருந்த துரியன் இடம் மாறியது எப்படி?

துரியோ என்ற பேரினப் பெயரை 1763-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷேல் அடான்சன் வைத்தார். சிபெதினஸ் என்ற சிற்றினப் பெயர் 1774-ல் அச்சில் வந்தது. அதன் பிறகு பெரிய கேள்வி, இந்த மரத்தை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது?

பெரிய மரம், இரவில் வவ்வால் தேடி வரும் பூ, வெடிக்கும் காய். இதெல்லாம் இலவ மரத்துக்கும் பொருந்துவதால் இரண்டையும் பாம்பகேசி என்ற குடும்பத்தில் வைத்தார்கள். பிளஸ் டூ-வில் தாவரவியல் படித்தவர்களுக்கு பெந்தம் - ஹூக்கர் வகைப்பாடு நினைவிருக்கும். 1862-ல் வெளியான அவர்களது நூலில் இலவ மரக் கூட்டம் மால்வேசிக்குள்ளேயே ஒரு பிரிவாக இருந்தது. ஆனால் பின்னால் வந்த பலர் அதைத் தனிக் குடும்பமாகவே வைத்தார்கள்.

1990-களில் டிஎன்ஏ ஒப்பீடு வந்ததும் நிலைமை மாறியது. பாம்பகேசி, ஸ்டெர்குலியேசி, டிலியேசி, மால்வேசி என்று நான்காகப் பிரித்து வைத்திருந்த குடும்பங்களுக்கு நடுவில் தெளிவான எல்லையே இல்லை என்று தெரிந்தது. பூக்கும் தாவரங்களுக்கான ஏபிஜி வகைப்பாடு 1998-ல் வெளியானபோது நான்கையும் மால்வேசி என்ற ஒரே குடும்பமாக இணைத்தது.

ஆச்சரியம் அதோடு முடியவில்லை. ஒரே குடும்பம் என்று ஆன பிறகும் துரியன் இலவ மரத்தின் பக்கத்தில் நிற்கவில்லை. நைஃபெலர், பாம் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், துரியன் கூட்டம் வலம்புரிக்காய் இருக்கும் ஹெலிக்டெராய்டியே கிளையில் சேர்வது உறுதியானது. யோசித்துப் பார்த்தால் இலையிலேயே ஒரு துப்பு இருந்தது. இலவம், பாவோபாப் இலைகள் விரித்த கைவிரல் மாதிரி பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். துரியன் இலை பிரியாத தனி இலை.

துரியன் கூட்டத்தில் மட்டும் எத்தனை பேர்?

துரியோ, போஷியா, கல்லேனியா, நீசியா, கோலோஸ்டெஜியா, கோஸ்டர்மான்சியா என ஆறு பேரினங்கள். போஷியாவைத் துரியோவிலிருந்து பிரிக்காமல் ஒன்றாகவே எழுதுகிறவர்களும் உண்டு.

துரியோவில் மட்டும் சுமார் 30 சிற்றினங்கள். அதிக வகைகள் இருப்பது போர்னியோ தீவில். அவற்றில் குறைந்தது 9 வகைகளின் பழத்தைச் சாப்பிடலாம். சிவப்புச் சதை உள்ள வகையும் அங்கே உண்டு. ஆனால் உலகச் சந்தைக்குப் பெரிய அளவில் வருவது துரியோ சிபெதினஸ் மட்டும்தான். மலேசியாவின் முசாங் கிங், தாய்லாந்தின் மோன்தோங் எல்லாம் இந்த ஒரே சிற்றினத்தின் ரகங்கள். நம்ம ஊர் மல்கோவா, இமாம்பசந்த் இரண்டும் ஒரே மாம்பழ இனம் என்பது மாதிரி.

மரபணு சொன்ன செய்தி

2017-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் முசாங் கிங் ரகத்தின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். துரியனில் சுமார் 46,000 மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. மனிதனிடம் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

துரியனும் கோகோவும் சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. பருத்தியின் மரபணுவோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த நாற்றத்துக்கும் விடை கிடைத்தது. கந்தக வாசனைப் பொருட்களை உருவாக்க உதவும் எம்ஜிஎல் என்ற மரபணுவுக்குத் துரியனில் கூடுதல் நகல்கள் இருக்கின்றன. பழம் பழுக்கும்போது அவை மும்முரமாக வேலை செய்கின்றன. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில்களில் துரியன் கொண்டுபோகத் தடை இருப்பதற்குக் காரணமும் இந்த வாசனைதான்.

நம்ம மலையில் நிற்கும் துரியன் உறவு

இனி வீட்டுக்குப் பக்கத்தில் வருவோம். ஆறு பேரினங்களில் கல்லேனியா என்ற ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் கல்லன் நினைவாக ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் இது.

நம்ம பக்கம் இருப்பது கல்லேனியா எக்ஸாரில்லேட்டா. தமிழில் வெடிப்பலா. முள் இருப்பதால் பலா, பழுத்தால் வெடிப்பதால் வெடி. நம்ம ஆட்களும் தோற்றத்தை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்!

பழம் பார்க்கிறதுக்குக் குட்டித் துரியன் மாதிரியே இருக்கும். ஆனால் எக்ஸாரில்லேட்டா என்றால் 'ஏரில் இல்லாதது' என்று அர்த்தம். துரியனில் நாம் சாப்பிடும் அந்தச் சதை இதில் கிடையாது. அதனால் மனிதர்களுக்கு இது பழமாகப் பயன்படவில்லை.

காட்டுக்கு அப்படி இல்லை. சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்திக்கு வெடிப்பலாவின் விதையும் பூவும் முக்கியமான உணவு. களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் கக்காச்சி காட்டில் நடந்த ஆய்வில், குரங்கு, அணில், வவ்வால் எனப் பல பாலூட்டிகள் இந்தப் பூவைத் தேடி வருவது பதிவானது. மகரந்தச் சேர்க்கை நடப்பதும் இந்த விலங்குகளால்தான்.

இதே கதை சுமத்ராவிலும் நடக்கிறது. அங்கே நீசியா காயின் உள்ளே தோலில் குத்தி எரியும் முடி இருக்கும். சில இடங்களில் ஒராங்குட்டான்கள் குச்சியை ஒடித்து உள்ளே விட்டு விதையை எடுத்துத் தின்கின்றன.

சோலைமந்தி இன்று அழியும் ஆபத்தில் உள்ள உயிரினம். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது. ஆனைமலைப் பகுதியில் தேயிலை, காபித் தோட்டங்களுக்காகக் காடு துண்டு துண்டானபோது வெடிப்பலா மரங்களும் சேர்ந்தே போயின. வால்பாறைப் பக்கம் சோலைமந்திகள் சாலைக்கும் வீடுகளுக்கும் வருவதன் பின்னணியில் இந்தக் காடு இழப்பும் இருக்கிறது.

துரியன் சாப்பிட்டால் குழந்தை பிறக்குமா?

மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் உள்ள கல்லாறு, பர்லியாறு அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் துரியன் விளைகிறது. குழந்தை இல்லாதவர்கள் இதைச் சாப்பிட்டால் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அதிக விலை கொடுத்தும் வாங்கிப் போகிறார்கள்.

துரியன் சத்துள்ள பழம்தான். ஆனால் குழந்தையின்மைக்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சை அல்ல. "இந்தக் குடும்பத்துச் செடிக்கே அந்தக் குணம் உண்டு" என்று சொல்லவும் முடியாது. இதே மால்வேசியைச் சேர்ந்த பருத்தி விதையில் காசிபால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும். அதனாலேயே 1970-களில் சீனாவில் அதை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்துப் பார்த்தார்கள். பக்க விளைவுகளால் பிறகு கைவிட்டார்கள். ஒரே குடும்பம் என்பதற்காக மருத்துவக் குணமும் ஒன்றாக இருக்காது என்பதற்கு இது போதும்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் பழத்தைப் பழமாகச் சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் அளவைக் கவனிக்க வேண்டும். துரியனில் மாவுச்சத்தும் கொழுப்பும் அதிகம்.

வகைப்பாடு மாறினால் நமக்கென்ன?

பெயர் மாறியதால் பழத்தின் ருசி மாறப்போவதில்லை. ஆனால் யார் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்தால் வேலை சுலபமாகும். துரியனுக்கு நோய் வந்தால், அதைத் தாங்கும் குணத்தை முதலில் தேட வேண்டியது அதன் காட்டு உறவுகளில். அந்த உறவுகள் எவை என்று சரியாகத் தெரியாமல் எங்கே தேடுவது? போர்னியோவில் காடு அழியும்போது காட்டுத் துரியன் வகைகளும் சேர்ந்து குறைகின்றன.

நம்ம பக்கம் இருப்பது வெடிப்பலா. 'பலா' என்ற பெயரை வைத்து அதை இன்னொரு காட்டுப் பலா என்று நினைத்துவிடக் கூடாது. துரியன் வம்சத்தில் இந்தியக் காட்டில் தானாக வளரும் மரம் இது. மாஞ்சோலை, வால்பாறை மலைகளுக்குப் போகிறவர்கள் கீழே முள் ஓடு வெடித்துக் கிடப்பதைப் பார்த்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த விதை சோலைமந்திக்கானது.