கொத்து

கொத்து (பெயர்ச்சொல்): ஒரே காம்பில் நெருங்கி நிற்கும் பூ, காய்களின் திரள். வெள்ளகோவில் முருங்கைத் தோட்டங்களில் பூங்கொத்துதான் விளைச்சலின் முதல் நம்பிக்கை. சாவிக்கொத்து எனப் பொருள் விரிந்த இச்சொல்லை வானியலும் எடுத்துக்கொண்டது.

பல லட்சம் விண்மீன்கள் தம் ஈர்ப்பால் உருண்டையாகத் திரண்டிருப்பது கோளக் கொத்து. பெரும்பாலானவற்றின் வயது 1,000 கோடி ஆண்டுக்கும் மேல். தனுசு ராசிப் பக்கம் அவை மிகுந்திருப்பதைக் கொண்டே, 1918இல் ஹார்லோ ஷாப்லி பால்வீதி மையத்தின் திசையைக் கணித்தார். மையப் புடைப்பிலுள்ள கொத்துகளைத் தூசி மறைப்பதால், அகச்சிவப்பு ஒளியில் ஆராய்கிறார்கள்.

ஆடி மாத இரவில் தென்வானைப் பைனாகுலரில் பாருங்கள். தனுசில் எம்22 என்னும் கொத்து மங்கிய பஞ்சுப்பொட்டாகத் தெரியும். காம்புக்குப் பதில் அங்கே ஈர்ப்பு விசை. எவ்வளவு பொருத்தமான சொல்!