உள்ளே வைத்த தகட்டில் கிருமி ஒட்டாமல் தடுக்கலாமா?

மண்சரிவில் முறிந்த காலுக்கும் ஷெல் பட்டு முறிந்த காலுக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வைப்பது அதே தகடும் ஸ்குரூவும்தான். 2014 ஒக்டோபர் 29இல் மலை சரிந்து லயன்களை மூடிய மீரியபெத்தவைப் போன்ற சரிவுகளில் வாழ்பவர்களுக்கும், வன்னியில் காயப்பட்டு இன்றும் உடம்பில் உலோகத்தைச் சுமப்பவர்களுக்கும் பொதுவான பயம் ஒன்றுண்டு: அந்த இடம் மறுபடி சீழ் பிடிக்குமா?

பயத்தில் நியாயம் இருக்கிறது. சாதாரணத் தோலில் சீழ்க்கட்டி உண்டாக்கப் பல லட்சம் ஸ்டபிலோகொக்கஸ் கிருமிகள் தேவை. ஒரு தையல் நூல் உள்ளே இருந்தால் சில நூறே போதும் என்று எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் 1957இல் காட்டினர். நூலுக்கோ உலோகத்துக்கோ இரத்த ஓட்டம் இல்லை. அதில் ஒட்டிய பக்டீரியா தன்னைச் சுற்றி வழவழப்பான படலம் கட்டிக்கொள்கிறது. அதற்குள் இருப்பதை அன்டிபயோட்டிக்கால் அழிப்பது மிகக் கடினம். பல வேளைகளில் தகட்டையே கழற்ற வேண்டிவரும்.

ஆகவே ஒட்டுவதற்கு முன்பே தடுப்பதுதான் மேற்பூச்சின் நோக்கம். ஐரோப்பாவில் ஜென்டாமைசின் பூசிய கால் எலும்புக் கம்பிகளும், புற்றுநோய்க்கு எலும்பை அகற்றிய இடத்தில் வெள்ளி பூசிய செயற்கை எலும்புகளும் பயன்படுகின்றன. நீரைப் பிடித்துவைத்துக் கிருமியை வழுக்கவிடும் பூச்சுகளும் உண்டு. ஆனால் கிருமி ஒட்டாத இடத்தில் எலும்புக் கலமும் ஒட்டாமல் போகலாம். எலும்போடு சேரவேண்டிய செயற்கை உறுப்பு சேராவிட்டால் பூசியும் பயனில்லை. சில்வண்டின் சிறகிலுள்ள நுண்ணிய கூர்முனைகள் சில பக்டீரியாக்களைக் கிழித்துக் கொல்வதை அவுஸ்திரேலியாவில் 2012இல் கண்டனர். மருந்தே வேண்டாத இவ்வழி எனக்கு நம்பிக்கை தருகிறது, ஆனால் ஆய்வுகூடத்துக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் தூரம் அதிகம்.

விலை கூடிய பூச்சு எப்போதும் காப்பாற்றும் என்றும் இல்லை. பிரித்தானியாவில் 24 வைத்தியசாலைகளில், குறுகிய காலம் சிறுநீர்க் குழாய் போட்ட 7,102 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. வெள்ளி பூசிய குழாய் சிறுநீர்த் தொற்றைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு மாதக்கணக்கில் குழாயுடன் இருப்பவர்கள் அந்த ஆய்வில் அடங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் தகட்டுக்கு இந்தப் பூச்சு எதையும் பூச முடியாது. பழைய தழும்பு சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, புதிதாக வலித்தாலோ பாமசியில் குளிசை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். கிருமி எது என்று பரிசோதிப்பதற்கு அது இடைஞ்சல். கிளினிக்குக்குப் போகும்போது பழைய டயக்னோசிஸ் காட்டைக் கொண்டுபோங்கள். இடம்பெயர்வில் அது தொலைந்திருந்தால் தகடு இருப்பதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் அது தெரியும்.