சுதந்திராக் கட்சியின் சிந்தனையைப் படித்தறிதல்: ஆரணித் தறியிலிருந்து ஒரு பார்வை

சுதந்திராக் கட்சி 1959 ஜூன் 4 அன்று சென்னையில் அறிவிக்கப்பட்ட அரசியல் கட்சியாகும். ராஜாஜி இதன் நிறுவனர். என். ஜி. ரங்கா தலைவராகவும் மினு மசானி பொதுச்செயலாளராகவும் இருந்தனர். கூட்டுறவுப் பண்ணை முறையை ஆதரித்து அதே ஆண்டு ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு நிறைவேற்றிய தீர்மானமே கட்சி தோன்ற உடனடிக் காரணம். நேருவின் சோசலிசத்தைப் பல கட்சிகளும் ஏதோ ஒரு வகையில் ஏற்றிருந்த காலத்தில், தேர்தல் களத்தில் நின்று அதை மறுத்த பெரிய வலதுசாரி எதிர்க்குரல்களில் ஒன்று இது.

மேலைநாடுகளில் இன்று ‘அதிருப்தி வலதுசாரிகள்’ எனப்படுவோரில் பலர் இனப்பெருமையையும் மக்களாட்சி மீதான ஐயத்தையும் பேசுபவர்கள். கைப்பேசி வழியாக அக்கருத்துகள் தமிழ் மாணவர்களையும் வந்தடைகின்றன. சுதந்திராக் கட்சி அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது அரசியலமைப்பையும் நீதிமன்றங்களையும் தனிமனித உரிமையையும் முன்னிறுத்திய கட்சி. ‘வலதுசாரி’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்துப் படித்தால் இரண்டுமே விளங்காது.

ஆரணியும் கைத்தறியும்

ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது; அக்காலத்தில் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இங்குள்ள நெசவாளர் வீட்டு மாணவர் ஒருவர் சுதந்திராக் கட்சியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதலில் ஒரு முரண்பாட்டைச் சந்திப்பார்.

அரசின் கட்டுப்பாடுகளை ‘பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்’ என்று பெயரிட்டுத் தாக்கியவர் ராஜாஜி. 1952இல் சென்னை மாநில முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவரும் அவரே. ஆனால் அதே ஆட்சிக்காலத்தில், வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசை வற்புறுத்தியவரும் அவர்தான். ஆலை எதை நெய்யலாம், எதை நெய்யக்கூடாது என்று அரசு சட்டம் போட வேண்டும் என்பது அதன் பொருள். ஆலைத் துணி மீது கூடுதல் தீர்வை விதித்துக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடும் சட்டம் 1953இல் மத்திய அரசால் கொண்டுவரப்பட்டது. இன்னொன்றும் உண்டு: வரிச்சுமையைக் கண்டித்த ராஜாஜிதான், மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைச் சென்னை மாகாணத்தில் புகுத்தினார்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். ஆனால் அது சரியான விளக்கமாகாது. ராஜாஜி 1925 முதல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் நடத்தியவர். அவர் காக்க விரும்பிய ‘சுதந்திரம்’ சிறு உழவனும் தறிக்காரனும் தம் தொழிலைத் தாமே நடத்தும் சுதந்திரம். மசானி போன்ற பம்பாய்த் தலைவர்களுக்கோ தனியார் தொழிலின் சுதந்திரமே முதன்மை. மதுவிலக்கிலும் இருவர் கருத்தும் ஒன்றல்ல. கட்சியின் 21 கொள்கைகளில், அடிப்படைக் கொள்கை அல்லாதவற்றில் உறுப்பினர் மாறுபடலாம் என்ற விதி சேர்க்கப்பட்டதற்கு இத்தகைய வேறுபாடுகளே காரணம் எனலாம். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி போன்ற முன்னாள் அரச குடும்பத்தினரும் இக்கட்சியில் இருந்ததால், பணக்காரர் கட்சி என்ற பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது.

எதைப் படிப்பது?

21 கொள்கைகள் சில பக்கங்களே. அவற்றிலிருந்து தொடங்குவது எளிது. அடுத்து ராஜாஜியின் கட்டுரைகள். 1956இல் காசா சுப்பாராவ் சென்னையில் தொடங்கிய ‘ஸ்வராஜ்யா’ ஆங்கில வார இதழில் அவர் தொடர்ந்து எழுதினார். அவற்றில் பல ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் நூலாயின. தமிழில் ‘கல்கி’ இதழின் பழைய தொகுதிகள் பயன்படும். ‘ஸ்வராஜ்யா’ 1980 அளவில் நின்றுபோனது. இப்போது அதே பெயரில் வருவது பல ஆண்டுகளுக்குப் பின் வேறு நிர்வாகம் தொடங்கியது. அதைப் படித்துவிட்டு ராஜாஜியைப் படித்ததாக எண்ணக்கூடாது.

பொருளாதார வாதத்துக்குப் பி. ஆர். ஷெனாய் 1955இல் எழுதிய மறுப்புக் குறிப்பே மூலம். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் குழுவில் மறுத்து எழுதியவர் அவர் ஒருவரே. வருவாய்க்கு மிஞ்சிப் பணம் அச்சடித்துத் திட்டச் செலவு செய்தால் விலைவாசி ஏறும் என்பது அவர் எச்சரிக்கை. பட்டும் ஜரிகையும் விலை ஏறும்போது கூலி ஏறாமல் நிற்கும் தறிக்காரர் வீட்டில் இந்த வாதத்துக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

ஆய்வு நூல்களில் ஹோவர்ட் எர்ட்மன் 1967இல் வெளியிட்ட நூல் முன்னோடி. ஆதித்ய பாலசுப்பிரமணியன் 2023இல் வெளியிட்ட நூல் பிற்காலப் பார்வையைத் தருகிறது. ராஜ்மோகன் காந்தி எழுதிய ராஜாஜி வாழ்க்கை வரலாறும் உதவும். ஆனால் எழுதியவர் ராஜாஜியின் மகள்வழிப் பேரன் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். பழைய இதழ்களுக்குச் சென்னைக் கன்னிமாரா நூலகமும் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. மக்களவை விவாதங்களை இணையத்திலேயே படிக்கலாம். மசானியின் உரைகளை அதே நாளில் அவருக்கு மறுமொழி கூறியவர்களின் உரைகளோடு சேர்த்துப் படிப்பதே முறை.

எதிர்த்தரப்பைப் படிப்பது தமிழ்நாட்டில் இன்னும் முக்கியமானது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமப்புறப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கியது. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று எதிர்த்தனர். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். தறிக்காரர் மகன் தறிக்குழியில்தான் இறங்க வேண்டுமா என்ற கேள்வி நெசவு ஊர்களுக்கு ஏட்டுக் கேள்வியன்று. தொழிலைக் காக்க ஒதுக்கீடு கேட்ட அதே கைதான் பிள்ளையின் பள்ளி நேரத்தைக் குறைத்தது. அக்கால ‘விடுதலை’ இதழைப் படிக்காமல் ‘ஸ்வராஜ்யா’வை மட்டும் படிப்பது அரைப் படிப்பு.

தேர்தல் வரலாறு சுருக்கமானது. கட்சி மக்களவையில் 1962இல் 18 இடங்களையும், 1967இல் 44 இடங்களையும் பெற்றது. 1967இல் சென்னை மாநிலத்தில் தி.மு.க.வுடன் கூட்டணி சேர்ந்து சட்டமன்றத்தில் 20 இடங்களை வென்றது. குலக்கல்வியை எதிர்த்த அண்ணாதுரையும் அதைக் கொண்டுவந்த ராஜாஜியும் ஒரே அணியில் நின்றனர். 1971இல் மக்களவையில் 8 இடங்களே கிடைத்தன. ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று மறைந்தார். 1974இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கலந்தது.

கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கும் தனிச் சட்டம் 1985இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டுப் பட்டியலில் சேலையும் இடம்பெற்றது. ரகத்தை மீறி விசைத்தறியில் நெய்வோர் மீது நடவடிக்கை கோரிக் கைத்தறி நெசவாளர்கள் இன்றும் மனுக் கொடுப்பது இச்சட்டத்தின் பேரில்தான்.