ஆரத்தித் தட்டும் ஐந்நூறு ரூபாயும்

2021 சட்டமன்றத் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று மாலை வேட்பாளர் அந்தத் தெருவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கே பெண்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். கையில் தட்டு. தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீர், நடுவில் வெற்றிலை, அதன்மேல் கற்பூரம். வேட்பாளர் கும்பிட்டபடி நடந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டே போனார்.

இரவு சாப்பிடும்போது சொன்னேன்: "சித்தி, இது தேர்தல் செலவு. கணக்குல வரணும். வரலேன்னா புகார் குடுக்கலாம்."

"யாரு மேலடி குடுப்ப? என் மேலயா?"

சிரித்துவிட்டேன். பிறகு சட்டத்தை எடுத்துப் படித்தபோது சித்தி கேட்டது சரியான கேள்வி என்று தெரிந்தது.

தேர்தல் குற்றங்களை இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது 1920ஆம் ஆண்டு. அப்போது இந்த மாகாணத்தில் எந்தப் பெண்ணுக்கும் வாக்கு இல்லை. 1921இல்தான் சென்னை சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானம் போட்டது. அதுவும் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். வாக்குக்குக் கொடுப்பவரும் ஆண், வாங்குபவரும் ஆண் என்று எண்ணி எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் 171பி பிரிவு, இருவரையும் குற்றவாளி என்றது. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதே அத்தியாயத்தின் கடைசிப் பிரிவு, தேர்தல் செலவுக்குக் கணக்கு வைக்கத் தவறியவருக்கான தண்டனையைச் சொன்னது. அபராதம் மட்டும், அதிகபட்சம் 500 ரூபாய்.

பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலையில் நடைமுறைக்கு வரும்வரை, நூறு ஆண்டுகளுக்கு மேல் இதுதான் விகிதம். தட்டில் விழுந்த நோட்டுக்காகச் சித்தி சிறைக்குப் போகலாம். அந்த நோட்டைக் கணக்கில் எழுதாதவர் அதே அளவு நோட்டு ஒன்றைக் கட்டினால் போதும்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இன்னும் கடுமையானது என்பது உண்மை. வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. மீறினால் வெற்றி செல்லாமல் போகலாம். முடிவு வெளியான 30 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும்; முறையாகக் கொடுக்காதவரை மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்யலாம். புகார் கொடுக்கும் உரிமையும் அகலமானது. தேர்தல் வழக்கைத் தோற்ற வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் தொடுக்கலாம். அவர் வாக்களித்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2,000 ரூபாய் பிணைத்தொகை, பிரமாணப் பத்திரம், வழக்கறிஞர் எல்லாம் வேண்டும். வாசல் திறந்திருக்கிறது. படிகள்தான் உயரம்.

அந்தப் படிகளில் ஏறியவர்கள் யார்? 1971 மக்களவைத் தேர்தலில் டெல்லி சதர் தொகுதியில் தோற்ற கன்வர்லால் குப்தா, வென்ற அமர்நாத் சாவ்லா வரம்பை மீறிச் செலவழித்தார் என்று வழக்குப் போட்டார். வேட்பாளருக்குத் தெரிந்து கட்சி செய்த செலவும் அவர் செலவுதான் என்று 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது: கட்சியும் நண்பர்களும் செய்த செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. அந்த விலக்கு 2003 வரை இருந்தது. பிறகு நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு போன்றவற்றுக்குச் சுருக்கப்பட்டது. வேட்பாளருக்கு வரம்பு இருக்கிறது; கட்சியின் பொதுவான பிரச்சாரச் செலவுக்கு இன்றுவரை வரம்பு இல்லை.

2007 உத்தரப் பிரதேசத் தேர்தலில் பிசௌலி தொகுதியில் வென்ற உம்லேஷ் யாதவ், செய்தி வடிவில் வந்த விளம்பரங்களுக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று தோற்ற வேட்பாளர் பத்திரிகை மன்றத்திடம் புகார் கொடுத்தார். 2011இல் தேர்தல் ஆணையம் உம்லேஷை மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்தது. இப்படிப் பதவியில் இருக்கும்போதே தகுதி இழந்த முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர். கணவர் தொடங்கிய கட்சியில் நின்றவர். இதே வகைப் புகாரில் மகாராஷ்டிராவின் முன்னாள் முதல்வர் அசோக் சவானின் கணக்கு தவறானது என்று ஆணையம் 2014இல் முடிவு செய்தது. அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2017இல் மத்தியப் பிரதேச அமைச்சர் நரோத்தம் மிஸ்ராவை ஆணையம் தகுதிநீக்கம் செய்தது. 2018இல் அதே நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

உம்லேஷ் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. நீதிமன்றங்களுக்கு அவற்றின் காரணங்கள் இருந்தன. என் கவனம் வேறொன்றில் நிற்கிறது. மூன்றிலும் புகாரைத் தொடங்கியவர்கள் தோற்ற வேட்பாளர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும். பணம் நடந்து வந்ததைத் தன் வாசலில் நின்று பார்த்த ஒரு பெண்ணும் இந்த வரலாற்றில் புகார்தாரராக இல்லை.

அந்த ஆண்டு ஜூலையில் ஒரு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 88ஆவது விதி, ஒரு ரூபாய் கட்டணத்தில் எவரும் வேட்பாளரின் கணக்கைப் பார்வையிடலாம் என்கிறது. நாணயத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். இருக்கையில் இருந்தவர் கேட்டார்: "மேடம், நீங்க எந்தக் கட்சி ஆளு?" எந்தக் கட்சியும் இல்லை என்றேன். "சார் எந்தக் கட்சி?" என்றார். சார் என்றால் என் கணவர்.

ஒரு மணி நேரம் கழித்துக் கணக்கு வந்தது. வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. நாற்காலி, ஒலிபெருக்கி, வாகனம், தேநீர், சால்வை எல்லாம் இருந்தன. சித்தியின் தெருவுக்கு வேட்பாளர் வந்த நாளும் இருந்தது. ஆரத்தி இல்லை. வேனில் ஏற்றிக் கூட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட பெண்களும் இல்லை. கைதட்டியவர்கள் ஒருவரும் இல்லாத கூட்டத்துக்கு நானூறு நாற்காலி வாடகை மட்டும் இருந்தது.

புகார் கொடுக்க நினைக்கும் மாணவிகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தேர்தல் முடிந்த பிறகு கணக்கைப் பார்த்துக் கோபப்படுவதைவிடப் பிரச்சாரத்தின்போதே எழுதிக் கொடுப்பது பலமானது. வேட்பாளர் எழுதும் பதிவேட்டுக்கு இணையாக அதிகாரிகள் ஒரு நிழல் பதிவேடு வைத்திருக்கிறார்கள். பறக்கும் படையின் அறிக்கையும் நம் புகாரும் சரிபார்க்கப்பட்டு அதில் ஏற வேண்டியவை. தேதி, நேரம், தெரு, வாகன எண், கண்ணால் பார்த்தது: இவை போதும். கருத்து வேண்டாம். 1950 என்ற எண் இருக்கிறது. செலவினப் பார்வையாளரின் தொலைபேசி எண் வெளியிடப்படுகிறது. 2018இல் வந்த சி-விஜில் செயலியில் படமோ இரண்டு நிமிட வீடியோவோ அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம்.

பெயர் சொல்லாமல் என்பது சிறிய வசதி அல்ல. நான் 2021இல் புகார் கொடுக்கவில்லை. கல்லூரி வேலை, சித்தியின் பெயர், தெருவில் நாளைக்கும் நடக்க வேண்டிய பெண்கள் என்று காரணங்கள் இருந்தன. தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றது. கோடிகளை ரகசியமாகக் கொடுக்க அதுவரை சட்டமே வழி செய்திருந்தது. ஐந்நூறு ரூபாயைப் பற்றிப் பேசுகிறவளுக்குத்தான் பாதுகாப்பு இல்லை.

சட்டத்துக்கு இது தெரியாததல்ல. 1951 சட்டத்தின் 95ஆம் பிரிவு, தேர்தல் வழக்கில் தன்னையே சிக்கவைக்கும் கேள்விக்கும் உண்மையாகப் பதில் சொல்லும் சாட்சிக்கு உயர் நீதிமன்றம் பாதுகாப்புச் சான்று தர வேண்டும் என்கிறது. அந்தப் பாதுகாப்பை நீதிமன்றக் கூண்டிலிருந்து தெருவாசல்வரை நீட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். வாங்கியதைத் தானே முன்வந்து சொல்லும் வாக்காளர் முதலில் சாட்சி, பிறகுதான் மற்றது என்று ஆக வேண்டும்.

போன பொங்கலுக்குச் சித்தியிடம் கேட்டேன்: "அன்னிக்கு எத்தனை தட்டு இருக்கும்?"

"நாப்பத்திமூணு. புள்ளையார் கோயில்லேர்ந்து எண்ணிக்கிட்டே வந்தேன். கடைசி ரெண்டுக்கு எரநூறுதான். அஞ்நூறு தீந்துபோச்சுன்னுட்டான்."

20,900 ரூபாய். கணக்கு சித்தியிடம் இருந்திருக்கிறது. நான்தான் அலுவலகத்தில் போய்த் தேடினேன்.

"மூலை வீட்டு அக்காவுக்குத் தட்டு இல்ல" என்றார் சித்தி. "அவ புருஷன் போனதுலேர்ந்து ஆரத்திக்குக் கூப்புடறதில்ல. அதனால காசும் இல்ல."

அந்தத் தெருவிலேயே எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சட்டப்படி பயமில்லாமல் புகார் கொடுக்கக்கூடியவர். மறுநாள் போய்ப் பேசினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நான் குடுத்தா, காசு கெடைக்காத வயித்தெரிச்சல்ல குடுத்தேன்னுவாங்கம்மா. கூட ரெண்டு பேரு வரட்டும். நான் மொத கையெழுத்துப் போடறேன்."

சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒருவர் வேண்டும்.