சந்திரன் சனியை மறைத்த இரவும் சோழிக் கணக்கும்

2024 ஜூலை 24 இரவு, தேதி 25 ஆன பிறகு, நம் மொட்டை மாடியில் நாலைந்து பேர் அண்ணாந்து நின்றிருந்தோம். அன்று சந்திரன் சனிக் கிரகத்தை மறைத்தது. பைனாகுலரில் கைபேசியை ஒட்டிப் பிடித்துப் படம் எடுக்கப் பார்த்தேன். சந்திரனுக்குத் தகுந்த வெளிச்சம் வைத்தால் சனி தெரியவில்லை. சனிக்கு வைத்தால் சந்திரன் வெள்ளைத் தோசையாகிவிட்டது. தேய்பிறை என்பதால் பிரகாசமான பக்கம் மறைந்து இருட்டுப் பக்கமாக வெளியே வந்தது. அப்போதுதான் ஒரு புள்ளியாவது பதிந்தது.

கீழே இறங்கும்போது மூன்றாம் மாடி அம்மா கேட்டார்: "போன்ல நேரம் பார்த்துட்டு மேலே வந்தோம். அந்தக் காலத்துல இதையெல்லாம் எப்படி சார் கணக்குப் போட்டாங்க?" அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததில், விஷயம் நம் பாண்டிச்சேரியிலேயே இருந்தது.

லெ ஜெந்தில் என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க 1760-ல் பாண்டிச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊர் இங்கிலீஷ்காரர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார். அளவு எடுக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்து, 1768-ல் பாண்டிச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டைக்குள் ஆய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை சூரியனை மேகம் மூடிக்கொண்டது. அவ்வளவுதான். மனுஷன் எப்படித் தாங்கினாரோ!

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. இங்கே ஒரு தமிழர் கிரகணம் கணிப்பதைப் பார்த்து, அந்த முறையைக் கற்றுக்கொண்டார். தரையில் சோழிகளை வைத்து நகர்த்துவது, மனப்பாட வாக்கியங்களிலிருந்து எண்களை எடுப்பது, காகிதமே கிடையாது. சந்திரனுக்கு 248 வாக்கியங்கள். அது பூமிக்குக் கிட்டே வந்து தள்ளிப்போகும் சுற்று சுமார் 27.55 நாள், ஒன்பது சுற்றுக்கு ஏறத்தாழ சரியாக 248 நாள். நாளுக்கு ஒரு வாக்கியம், அதன் எழுத்துகளுக்குள் அன்றைய சந்திரனின் இடம். நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயரே இதிலிருந்து வந்ததுதான்.

1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைவு, ஐரோப்பாவின் மேயர் அட்டவணை 68 விநாடி அதிகம் என்று லெ ஜெந்தில் எழுதியிருக்கிறார். இது வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கலாம். பேரேடு பார்த்தே தலை நரைத்தவன் நான். ஒரு வரவை மட்டும் காட்டினால் மனசு ஒப்பாது. அந்த 41 விநாடி கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில்தான், எப்போது தொடங்கியது என்பதில் அல்ல. அதுவும் ஒரே ஒரு கிரகணம்.

மறுபக்கத்துப் பதிவும் இருக்கிறது. ஜான் வாரன் இங்கிலீஷ் பட்டாளத்தில் சேர்ந்தவர். கொஞ்ச காலம் மதராஸ் வான் ஆய்வுக்கூடப் பொறுப்பையும் பார்த்தவர். 1825-ல் வந்த 'கால சங்கலித' என்ற தம் நூலில், பாண்டிச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழி வைத்து ஒரு கிரகணம் கணித்ததை எழுதியிருக்கிறார். அவருக்கு வானியல் தத்துவம் தெரியாது, நினைவாற்றல்தான் என்கிறார். அந்த வருஷம் மே 31, ஜூன் 1 இடையே நடந்த கிரகணம் அது. ஆரம்பத்தில் 4 நிமிஷம் வித்தியாசம், நடுவில் 23, முடிவில் 52.

அந்த 52 நிமிஷம் சாதாரணமில்லை. சந்திரன் தன் அகலத்தைத் தானே கடக்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகிறது. அவ்வளவு பிசகினால் கிரகணமாவது தெரியும், சனி மறைவு தவறிவிடலாம். ஆனாலும் ஏடும் இல்லாமல், பூமி சுற்றுகிறதா சூரியன் சுற்றுகிறதா என்ற கவலையும் இல்லாமல், தரையில் உட்கார்ந்து சோழி நகர்த்தி அவ்வளவு கிட்டத்தில் வந்தாரே, அதை நினைத்தால் எனக்கு 41 விநாடியைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

இந்தக் கணக்கின் பாக்கி நம் வாசலுக்கே வருகிறது. 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்று டிவியில் சொன்னதும், ஊரிலிருந்து எத்தனை பேர் போன் செய்து ரூம் கிடைக்குமா என்று கேட்டார்கள்! அது திருக்கணிதம். திருநள்ளாறு கோயிலில் வாக்கியக் கணக்கு. பெயர்ச்சி 2026-ல்தான் என்று கோயிலிலிருந்து அறிவிப்புக் கொடுக்க வேண்டி வந்தது. ஆகாயத்துச் சனி ஒன்றுதான், பேரேடு இரண்டு.

நான் எடுத்த படத்தைச் சங்கக் குழுவில் போட்டேன். "சார், லென்ஸில் தூசி" என்று ஒரு தம்பி பதில் போட்டிருந்தார். அந்தத் தூசிதான் சனி.