ஐவர்மலையும் பூதவாதியும்

நெய்க்காரப்பட்டியிலிருந்து சில மைல் தொலைவில், பாப்பம்பட்டியை அடுத்து ஐவர்மலை உள்ளது. பாண்டவர் ஐவர் தங்கிய மலை என்பது ஊரார் வழக்கு. பழம்பெயர் திருவயிரை. இயற்கையான பாறைத் தாழ்வாரத்தின் மேல் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன.

இங்குள்ள கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, எனக் குறித்து, அதை வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்கிறது. பாண்டியர் காலவரிசையைக் கணிக்க வரலாற்றறிஞர் பெரிதும் நம்பும் சான்று இது. நாம் கவனிக்க விரும்புவது வேறொரு செய்தி. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர், இயக்கியர் திருமேனிகளைப் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் சோற்றுக்கும் 505 காணம் பொன் வைத்தார். ஆசிரியர் பெயரால் மாணாக்கரை அறியும் மரபு. அம்மரபு அறுபடாதிருக்க ஒருவருக்கு நாள்தோறும் சோறு.

அத்தகைய துறவியர் மரபு எவற்றை ஆராய்ந்தது? உயிர் உண்டா, உலகம் நிலையானதா, கண்டதை மட்டுமே நம்பலாமா என்பனவற்றை. சமணக் காப்பியமான நீலகேசியில் தலைவி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி எனப் பலருடன் வாதிடுகிறாள். அதற்கு முந்தைய மணிமேகலையிலும் வஞ்சி நகரில் பூதவாதி பேசுகிறான். பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்து மயக்கம் தருவதுபோல, பூதங்கள் கூடியதால் உணர்வு பிறந்தது என்பது அவன் கொள்கை. காட்சியே போதும் என்பவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை கேட்கிறாள். இன்றும் எளிதில் தள்ள இயலாத வினா. பூதவாதியின் உவமையும் அவ்வாறே.

எதிராளியின் கொள்கையை முதலில் எடுத்துரைத்துப் பின்பே மறுப்பது இந்நூல்களின் முறை. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரின் பரபக்கமும் அம்முறையையே மேற்கொண்டது. இதனால் விளைந்த நன்மை பெரிது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி அழிந்து சில பாடல்களே எஞ்சின. அதை மறுக்க எழுந்த நீலகேசியும் அதன் உரையுமே அந்நூலை அறிய நமக்குப் பெருந்துணை. தமிழகப் பூதவாதியரின் குரலும் அவர்களை மறுத்தோர் ஏட்டிலேயே நமக்குக் கேட்கிறது.

ஆகவே நண்பர்கள் கூடி இந்நூல்களைப் பயிலும்போது, ஒருவரேனும் பூதவாதியின் பக்கம் நின்று முழு மனத்துடன் வாதிட வேண்டும். தோற்கவேண்டியவனாக அவனை முன்பே வைத்துப் படித்தால், பாட்டின் பொருள் விளங்கும், வினா விளங்காது.